இரண்டாம் கார்பனா, மூன்றாம் கார்பனா? நெல் முளைப்பதற்குள் இருக்கும் வேதியியல்

விதைத்து ஒரு வாரம் ஆன நாற்று ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர்ப்பக்கத்தில் பழைய நெல்மணி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் பால் போல ஒரு நீர் கசியும். விதைநேர்த்தி மருந்து கலக்காத நெல்லாக இருந்தால் அதை நாக்கில் தொட்டுப் பார்க்கலாம், லேசாக இனிக்கும். ஒரு வாரத்துக்கு முன் அதே மணிக்குள் இருந்தது கடித்தால் பல்லில் நறுக்கென்று படும் அரிசி.

கல்லைப் போல இருந்த அரிசி இனிக்கும் பாலாக மாறியதற்குக் காரணம் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதி. மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட சரம். ஆல்ஃபா அமைலேஸ் அந்தச் சரத்தை நடுநடுவே வெட்டிப்போடும். துண்டுகள் பிறகு சர்க்கரையாகி, இன்னும் பச்சை பிடிக்காத குருத்துக்குச் சாப்பாடாகப் போகின்றன. காய்ந்த நெல்லில் இந்த நொதி கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். தண்ணீர் பட்ட பிறகுதான் அது புதிதாகச் செய்யப்படுகிறது. அதைச் செய் என்று சொல்வது யார்? ஜிப்ரலின் என்ற ஹார்மோன். அந்த ஹார்மோனில் ஒரே ஒரு ஆக்சிஜன் அணு இடம் மாறி உட்கார்ந்தால் மரபணு காதிலேயே வாங்காது. எனக்குத் தாவர அறிவியலில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வேதியியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி இதைச் சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

முதலில் மணியின் உள்ளே பார்ப்போம். உமியை நீக்கினால் வருவது பழுப்பரிசி. அதன் ஒரு ஓரத்தில் இருக்கும் சிறு புள்ளிதான் கரு, அதாவது வருங்காலப் பயிர். மீதி பெரும்பகுதி மாவுச்சத்து நிரம்பிய கருவூண் திசு. மணி முற்றும்போதே இந்தத் திசுவின் செல்கள் இறந்துவிடுகின்றன. அது வெறும் களஞ்சியம். ஆனால் களஞ்சியத்தைச் சுற்றி ஒரு மெல்லிய உயிருள்ள போர்வை இருக்கிறது. அதன் பெயர் அலியூரோன் அடுக்கு. கோதுமையில் அது ஒரே ஒரு செல் கனம், பார்லியில் மூன்று செல் கனம். அரிசி ஆலையில் பட்டை தீட்டும்போது தவிடாகக் கழிந்து போவதில் இந்த அடுக்கும் கருவும் இருக்கின்றன. ஒரு நெல்மணியில் உயிரோடு இருப்பவை எல்லாம் தவிட்டோடு போய்விடுகின்றன என்று சொல்லலாம்.

1890ஆம் ஆண்டிலேயே காட்லீப் ஹாபர்லாண்ட் என்ற தாவரவியலாளர், மாவுச்சத்தைக் கரைக்கும் நொதி இந்த அலியூரோன் அடுக்கிலிருந்து சுரக்கிறது என்று காட்டிவிட்டார். ஆனால் கருவை வெட்டி எடுத்துவிட்டால் அந்தச் சுரப்பு நின்றுபோகும். அப்படியானால் கருவிலிருந்து ஏதோ ஒரு செய்தி அலியூரோனுக்குப் போக வேண்டும். அந்தச் செய்தி என்னவென்று தெரிய 70 ஆண்டுகள் ஆயின. 1960இல் ஜப்பானில் யோமோவும் ஆஸ்திரேலியாவில் பேலெகும் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்தார்கள். கரு இல்லாத அரை பார்லி மணியில் ஜிப்ரலின் வகையைச் சேர்ந்த ஜிப்ரலிக் அமிலத்தைச் சேர்த்தால் போதும், மாவுச்சத்து கரையத் தொடங்கும். கரு அனுப்பும் செய்தி ஜிப்ரலின்தான்.

கரு நீக்கிய அந்த அரை மணி, பிற்காலத்தில் பெரிய ஆய்வுக் கருவியாகிவிட்டது. கரு இல்லாததால் அதற்குள் சொந்தமாக ஹார்மோன் ஊறாது. நாம் எந்த மூலக்கூறைக் கொடுக்கிறோமோ அதற்கு மட்டும் அது பதில் சொல்லும். ஒரு மூலக்கூறின் வடிவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, எந்த வடிவத்துக்கு மரபணு விழிக்கிறது, எதற்கு உறங்குகிறது என்று கேட்டுப் பார்க்க இதைவிட எளிமையான ஏற்பாடு கிடைப்பது அரிது.

சரி, மரபணு விழிப்பது என்றால் என்ன? ஒரு வீட்டின் மூலப்பத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும், வெளியே வராது. எதற்காவது தேவைப்பட்டால் நகல் எடுத்து, அந்த நகலைத்தான் வெளியே கொண்டு போவோம். செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. மூலப்பத்திரம். அதிலிருந்து எடுக்கும் நகலின் பெயர் தூது ஆர்.என்.ஏ. அந்த நகல் உட்கருவை விட்டு வெளியே வந்து, அதைப் படித்துப் புரதம் செய்யப்படுகிறது. நொதிகளும் புரதங்கள்தாம். ஆல்ஃபா அமைலேஸ் செய்வதற்கான மரபணு நெற்பயிரின் இலையிலும் இருக்கிறது, வேரிலும் இருக்கிறது. எந்தச் செல் அதை எப்போது எத்தனை நகல் எடுக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இப்படி நகல் எடுத்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம்.

ஜிப்ரலின் பட்டதும் நொதி வருகிறது என்றால், ஏற்கெனவே ஒளித்து வைத்திருந்த நொதியை அலியூரோன் வெளியே தள்ளுகிறதா, புதிதாகவே செய்கிறதா என்ற சந்தேகம் அந்தக் காலத்தில் நியாயமாகவே எழுந்தது. 1967இல் ஃபில்னரும் வார்னரும் அழகான ஒரு வழியில் அதைத் தீர்த்தார்கள். சாதாரண ஆக்சிஜனைவிடக் கனமான ஆக்சிஜன் கொண்ட தண்ணீரில் அலியூரோனை வைத்து ஜிப்ரலிக் அமிலம் கொடுத்தார்கள். வந்த அமைலேஸ் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. பழைய சரக்காக இருந்தால் அது கனத்திருக்க வாய்ப்பில்லை. ஆக, ஹார்மோன் வந்த பிறகே நொதி முழுக்க முழுக்கப் புதிதாகச் செய்யப்படுகிறது.

கோமாளி நாற்று

ஜிப்ரலின் கண்டுபிடிக்கப்பட்டதே நெல் வயலில்தான். ஜப்பான் விவசாயிகள் ‘பக்கானே’ என்று ஒரு நோயைச் சொல்வார்கள். அசட்டு நாற்று, கோமாளி நாற்று என்று அர்த்தம் கொள்ளலாம். நோய் கண்ட நாற்று வெளிறிப்போய், மற்றவற்றைவிட உயரமாக, ஒல்லியாக நீண்டு நிற்கும். பெரும்பாலும் மணி பிடிக்காமலே போய்விடும். காரணம் ஒரு பூஞ்சை. 1926இல் தைவானில் வேலை பார்த்த குரோசவா, அந்தப் பூஞ்சையை வளர்த்த நீரை வடிகட்டி, பூஞ்சையே இல்லாத வெறும் நீரை நாற்றுக்குக் கொடுத்தார். அப்போதும் நாற்று நீண்டது. பூஞ்சை சுரக்கும் ஏதோ ஒரு பொருள்தான் இதைச் செய்கிறது என்பது அதில் உறுதியானது. 1935இல் யபுதா அந்தப் பொருளுக்கு ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார். 1938இல் அவரும் சுமிகியும் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். பூஞ்சையின் விஷம் என்று நினைத்தது, பயிர்கள் தாமாகவே தமக்குள் செய்துகொள்ளும் ஹார்மோன் என்று 1950களில்தான் தெரிந்தது. இன்றும் வட இந்திய பாஸ்மதி வயல்களில் பக்கானே ஒரு தலைவலி.

இதுவரை 130க்கும் மேற்பட்ட ஜிப்ரலின்கள் தெரியும். கண்டுபிடித்த வரிசையில் ஜி.ஏ.1, ஜி.ஏ.2 என்று எண் போட்டுக்கொண்டே போகிறார்கள். ஆனால் இவற்றில் ஹார்மோனாக உண்மையிலேயே வேலை செய்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை: ஜி.ஏ.1, ஜி.ஏ.3, ஜி.ஏ.4, ஜி.ஏ.7. மற்றவை எல்லாம் பாதி வழியில் நிற்கும் முன்னோடிகள் அல்லது வேலை முடிந்து செயலிழந்தவை. ஒரே குடும்பம், ஒரே எலும்புக்கூடு, முகச்சாயலும் ஒன்று. பிறகு நான்கு மட்டும் ஏன்?

இங்கேதான் வடிவம் பேசுகிறது. ஜிப்ரலினின் எலும்புக்கூடு ஒன்றோடொன்று ஒட்டிய நான்கு கார்பன் வளையங்கள். கார்பன்களுக்கு 1 முதல் வரிசையாக எண் கொடுத்திருக்கிறார்கள். தெருவில் கதவு எண் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கதவிலும் என்ன தொங்குகிறது என்பதைப் பொறுத்து மூலக்கூறின் குணம் மாறும். ‘ஹைட்ராக்சில்’ என்ற சொல் இனி அடிக்கடி வரும். அது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த சின்னத் தொங்கட்டான், அவ்வளவுதான். தண்ணீரோடும் புரதங்களோடும் கைகோத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு.

வேலை செய்யும் ஜிப்ரலின்கள் எல்லாவற்றிலும் சில பொது அடையாளங்கள் இருக்கின்றன. 6ஆம் கார்பனில் ஓர் அமிலக் கை. 4ஆம் கார்பனுக்கும் 10ஆம் கார்பனுக்கும் நடுவில் லாக்டோன் என்ற ஒரு பாலம். 3ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில். 2ஆம் கார்பனில் ஹைட்ராக்சில் இருக்கவே கூடாது.

இந்தக் கடைசி இரண்டு விதிகளைப் பொறுமையாகப் பார்க்கலாம். ஜி.ஏ.20 என்ற மூலக்கூறில் 3ஆம் கார்பன் காலியாக இருக்கும். அதற்கு ஹார்மோன் வேலை தெரியாது. ஒரு நொதி வந்து அந்த இடத்தில் ஹைட்ராக்சிலைத் தொங்கவிட்டால் அதுவே ஜி.ஏ.1 ஆகிறது. உடனே அலியூரோன் கேட்கிறது, தண்டு நீள்கிறது. இன்னொரு நொதி வந்து அதே ஜி.ஏ.1இன் 2ஆம் கார்பனில் மற்றொரு ஹைட்ராக்சிலைச் சேர்த்தால் அது ஜி.ஏ.8. கதை முடிந்தது. கூடுதலாக ஓர் ஆக்சிஜன் அணு, அதுவும் பக்கத்துக் கதவில். அமைலேஸ் மரபணுவுக்கு அந்த மூலக்கூறு இருப்பதும் இல்லாததும் ஒன்றாகிவிடுகிறது.

ஹார்மோனை எழுப்பவும் அணைக்கவும் பயிர் பயன்படுத்துவது இந்த இரண்டு கதவுகளைத்தான். 3இல் தொங்கவிட்டால் எழும், 2இல் தொங்கவிட்டால் அணையும்.

மூடி போட்ட சிமிழ்

ஆனால் 2ஆம் கார்பனில் என்ன இருக்கிறது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? செல்லுக்குக் கண் இல்லை. தொட்டுத் தடவித்தான் அறிய முடியும். தடவிப் பார்க்கும் அந்தப் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். ஜிப்ரலின் ஏற்பியைப் பல ஆண்டுகள் பலர் தேடினார்கள். கடைசியில் 2005இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழு அதை நெல்லில் கண்டுபிடித்தது. எத்தனை ஜிப்ரலின் கொடுத்தாலும் வளராத ஒரு குட்டை நெல் ரகத்தில் பழுதாகியிருந்த மரபணுவைத் தேடிப்போனதில் கிடைத்தது அது. ஜி.ஐ.டி.1 என்று அதற்குப் பெயர். அது பழுதான நெல்லின் அரை மணியில் ஜிப்ரலினை ஊற்றினாலும் அமைலேஸ் வருவதில்லை.

2008இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இந்த ஏற்பியின் முப்பரிமாண உருவத்தைப் படிகமாக்கிப் பார்த்துச் சொன்னார்கள். அந்த உருவத்துக்கு நம் வீட்டுக் குங்குமச் சிமிழைத்தான் உவமை சொல்லத் தோன்றுகிறது. நடுவில் ஒரு குழி, மேலே ஒரு மூடி. ஜிப்ரலின் குழிக்குள் இறங்கி உட்கார்ந்ததும் மூடி சாய்ந்து மூடிக்கொள்கிறது. 6ஆம் கார்பனின் அமிலக் கையைக் குழியின் உட்புறம் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் அந்த அமிலக் கையை மெத்தில் தொகுதியால் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்தது) மூடிவிட்டால் ஜிப்ரலின் பெரும்பாலும் பயனற்றுப் போகிறது. 3ஆம் கார்பனின் ஹைட்ராக்சில், ஏற்பியில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தோடு கைகோக்கிறது. 2ஆம் கார்பனிலும் ஹைட்ராக்சில் வந்துவிட்டால் இந்தப் பொருத்தம் கெட்டு ஏற்பியின் பிடி வெகுவாகத் தளர்ந்துவிடுகிறது.

இந்தச் சிமிழுக்கு ஒரு பூர்வீகக் கதையும் உண்டு. அதன் உருவம், கொழுப்பை வெட்டும் ஒருவகை நொதிகளின் உருவத்தை அப்படியே ஒத்திருக்கிறது. அந்த நொதிகள் வெட்டுவதற்கு மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஜி.ஐ.டி.1இல் அந்த மூன்றில் ஒன்று மாறிப்போய்விட்டது. வெட்டத் தெரியாது, பிடித்து வைத்துக்கொள்ள மட்டும் தெரியும். ஒரு காலத்தில் வெட்டும் கருவியாக இருந்தது, கூர் போனபின் காது ஆகிவிட்டது.

மூடி மூடிய பிறகு நடப்பதுதான் மரபணுவைத் தொடும் இடம். மூடியின் வெளிப்புறத்தில் இப்போது ஒரு புதிய மேற்பரப்பு உருவாகிறது. டெல்லா என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புரதம் அதில் வந்து ஒட்டிக்கொள்கிறது. டெல்லாவை ஜிப்ரலின் நேரடியாகத் தொடுவதே இல்லை. சிமிழை மூடச் செய்வது மட்டுமே அதன் வேலை.

டெல்லா என்பது தடுப்புப் புரதம். உட்கருவுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஜிப்ரலினுக்குக் கட்டுப்பட்ட மரபணுக்களை நகல் எடுக்க விடாமல் பார்த்துக்கொள்வது அதன் பிழைப்பு. நெல்லில் இதற்கு எஸ்.எல்.ஆர்.1 என்று பெயர், பார்லியில் எஸ்.எல்.என்.1. மூடிய சிமிழில் ஒட்டிய டெல்லாவை இன்னொரு புரதக் கூட்டம் அடையாளம் கண்டு முத்திரை குத்துகிறது. முத்திரை விழுந்த புரதத்தைச் செல்லின் அரவை இயந்திரம் துண்டு துண்டாக அரைத்துவிடும். பார்லி அலியூரோனில் ஜிப்ரலின் பட்ட சில நிமிடங்களிலேயே டெல்லா மறையத் தொடங்குகிறது.

தடை நீங்கியதும் காமிப் என்ற புரதம் பெருகுகிறது. ஆஸ்திரேலியாவில் பார்லியில் ஆய்வு செய்தவர்கள் 1995இல் இதை வெளியிட்டார்கள். ஆல்ஃபா அமைலேஸ் மரபணுவுக்கு முன்னால், வீட்டுக்குத் திண்ணை இருப்பது போல, டி.என்.ஏ.வில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதில் டி, ஏ, ஏ, சி, ஏ, ஏ, ஏ என்று 7 எழுத்துகள். காமிப் அந்த 7 எழுத்தைத் தேடிப்போய் அமரும். அமர்ந்ததும் நகல் எடுக்கும் இயந்திரம் ஓடத் தொடங்குகிறது. ஹார்மோன் கொடுத்து எட்டு, பத்து மணி நேரம் ஆகும்போது நொதி வெளிப்படையாகப் பெருகுவதை அளக்க முடிகிறது. நகல் எடுத்து, புரதம் செய்து, களஞ்சியத்துக்குள் கொட்டிக்கொண்டே இருந்துவிட்டுச் சில நாட்களில் அலியூரோன் செல்கள் தாமே இறந்துபோகின்றன. உயிரோடு இருந்த அந்தப் போர்வை, குருத்துக்குச் சோறு போட்டுவிட்டுப் போய்விடுகிறது.

ஒரு இரட்டைப் பிணைப்பின் நீண்ட ஆயுள்

உரக்கடையில் ஜிப்ரலிக் அமிலம் என்று விற்பது ஜி.ஏ.3. இன்றும் பூஞ்சையை வளர்த்துத்தான் அதை எடுக்கிறார்கள். நெல், தன் தண்டுக்கும் இலைக்கும் பெரும்பாலும் ஜி.ஏ.1ஐப் பயன்படுத்துகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. ஜி.ஏ.3இல் 1ஆம் கார்பனுக்கும் 2ஆம் கார்பனுக்கும் நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு, அதாவது ஒரு பிணைப்புக்குப் பதில் இரண்டு, அதனால் இரண்டு ஹைட்ரஜன் குறைவு. ஆனால் 2ஆம் கதவைத்தானே செல் தாழ்ப்பாளாகப் பயன்படுத்துகிறது? அந்த இரட்டைப் பிணைப்பு இருப்பதால் 2ஆம் கார்பனில் ஹைட்ராக்சிலைப் பொருத்தும் நொதிக்கு அங்கே வேலை நடக்காது. செல்லால் இதை எளிதில் அணைக்க முடியவில்லை. பூஞ்சை பிடித்த நாற்று கட்டுக்கடங்காமல் நீள்வதிலும், தெளித்த ஜிப்ரலிக் அமிலத்தின் வேகம் நீடிப்பதிலும் இந்த அணையாத தன்மைக்குப் பங்கு உண்டு.

வீரிய ஒட்டு நெல் விதை உற்பத்தியில் இதைப் பயன்படுத்துகிறார்கள். பெண் வரிசையாக நடும் மலட்டு ரகத்தின் கதிர், கொடி இலை உறையை விட்டு முழுதாக வெளியே வராது. பாதிக் கதிர் உள்ளேயே சிக்கியிருந்தால் மகரந்தம் எப்படிப் போய்ச் சேரும்? கதிர் எட்டிப் பார்க்கும் பருவத்தில் ஜிப்ரலிக் அமிலம் தெளித்தால் மேல் கணுவிடை, அதாவது கணுக்களுக்கு நடுவில் உள்ள தண்டு, நீண்டு கதிர் வெளியே வருகிறது.

மேல் கணுவிடை பற்றிப் பேசும்போது இன்னொரு வடிவ விளையாட்டையும் சொல்லிவிடுகிறேன். நெல்லின் ஏற்பி மிக இறுக்கமாகப் பிடிப்பது ஜி.ஏ.4ஐ. ஜி.ஏ.1இல் இருக்கும் 13ஆம் கார்பன் ஹைட்ராக்சில் அதில் இல்லை. அந்த ஹைட்ராக்சில் இருந்தால் ஏற்பியின் பிடி குறைகிறது. பிறகு எதற்கு நெல் அதைச் சேர்த்து ஜி.ஏ.1 செய்ய வேண்டும்? 13இல் ஹைட்ராக்சில் இல்லாத ஜிப்ரலின்களை மட்டும் குறிவைத்துக் கெடுக்கும் ஒரு நொதி நெல்லில் இருக்கிறது. அந்த நொதி பழுதான நெல்லில் ஜி.ஏ.4 குவிந்து, மேல் கணுவிடை அளவுக்கு மீறி நீள்கிறது. ஆக, 13ஆம் கதவின் தொங்கட்டான் பிடிப்பைக் குறைத்தாலும் மூலக்கூறுக்கு ஒரு கவசமாகவும் இருக்கிறது.

ஐ.ஆர். எட்டு

இந்த வேதியியல் நம் வயலுக்கு வந்த வழி ஐ.ஆர்.8. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் வெளியிட்ட குட்டை ரகம். இந்தோனேசியாவின் பேட்டா என்ற நெட்டை ரகத்தையும் தைவானின் டீ-ஜியோ-ஊ-ஜென் என்ற குட்டை ரகத்தையும் கலந்து எடுத்தது. பழைய நெட்டை ரகங்களுக்கு உரம் கூடினால் பயிர் உயர்ந்து, கதிர் கனத்து, சாய்ந்துவிடும். ஐ.ஆர்.8 நின்றது.

ஏன் குட்டை என்பதற்கான விடை 2002இல்தான் கிடைத்தது. ஜிப்ரலின் செய்யப்படும்போது முதலில் 20 கார்பன் இருக்கும். அந்த 20ஆவது கார்பனைக் கழற்றிவிட்டால்தான் முன்பு சொன்ன லாக்டோன் பாலம் உருவாகும். அதைக் கழற்றும் நொதியின் மரபணுவில் குட்டை நெல்லுக்கு 383 எழுத்துகள் காணாமல் போயிருந்தன. பாலம் போடும் வேலை மந்தமானது, ஹார்மோன் குறைந்தது, தண்டு குட்டையானது. அப்படியானால் மணி முளைப்பதும் பூப்பதும் கெட்டுப்போயிருக்க வேண்டாமா? நெல்லில் இந்த நொதிக்கு வேறு பிரதிகளும் இருக்கின்றன. பழுதானது தண்டில் அதிகம் வேலை செய்யும் பிரதி. பூவில் வேலை செய்யும் பிரதிகள் நன்றாகவே இருந்தன.

கோதுமையின் குட்டை ரகங்களில் நடந்தது வேறு. ஜப்பானின் நோரின் 10 ரகத்திலிருந்து வந்த குட்டை மரபணுக்கள் ஜிப்ரலினைக் குறைக்கவில்லை, டெல்லாவை மாற்றின. சிமிழின் மூடி பிடிக்க வேண்டிய பகுதி அந்த டெல்லாவில் இல்லை. மூடி மூடினாலும் பிடிமானம் கிடைக்காது, டெல்லா அழியாது. வயலில் வைத்தே இரண்டையும் பிரித்துச் சொல்லலாம். ஐ.ஆர்.8க்கு ஜிப்ரலிக் அமிலம் தெளித்தால் உயரும். அந்தக் கோதுமைக்கு எவ்வளவு தெளித்தாலும் அது கண்டுகொள்ளாது.

கதிரிலேயே முளைத்தால்

தை மாதம் அறுவடைக்கு நிற்கும் சம்பாவில் மழை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று டெல்டாவில் கேட்டால் சொல்வார்கள். சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து, மணி கதிரிலேயே முளைத்துவிடும். அலியூரோன் ஒருமுறை அமைலேஸ் செய்யத் தொடங்கிவிட்டால் அந்த மணியைக் காயவைத்தாலும் பழைய அரிசி திரும்ப வராது.

இது எப்போதும் நடக்காமல் மணியை உறங்க வைப்பது இன்னொரு ஹார்மோன், அப்சிசிக் அமிலம். 15 கார்பன், ஒரே ஒரு வளையம், ஒரு வால். ஜிப்ரலினுக்கு நேர் எதிராக, காமிப் பெருகவிடாமல் தடுக்கிறது. வறட்சியில் விதையைக் காக்கும் புரதங்களின் மரபணுக்களை எழுப்புகிறது. அதன் ஏற்பிகள் 2009இல் தெரியவந்தபோது அங்கேயும் ஒரு குழியும் மூடியும் இருந்தன. ஜிப்ரலின் ஏற்பிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை; இருந்தும் இரண்டும் இதே தந்திரத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அப்சிசிக் அமிலத்தின் வடிவமும் நுணுக்கமானது. வாலின் ஒரு இரட்டைப் பிணைப்பு ஒரு பக்கம் வளைந்திருந்தால்தான் வேலை செய்யும். புற ஊதா ஒளி பட்டால் அது மறுபக்கம் திரும்பி, வால் நிமிர்ந்து, செயலற்றுப் போகும். ஆய்வகத்தில் இதை ஒளி படாமல் வைப்பது அதனால்தான். அப்புறம், வளையத்தில் ஒரு கார்பன், வலக்கை இடக்கை போல இரண்டு விதமாக அமைய முடியும். பயிர் செய்வது ஒரு கை மட்டுமே. தொழிற்சாலையில் சாதாரண முறையில் செய்தால் இரண்டும் பாதிப் பாதி கலந்து வரும். அந்த மறு கை முழுக்க வீணும் அல்ல. பல சோதனைகளில் அதற்கும் பயிர் ஓரளவு பதில் சொல்கிறது, வளையம் ஏறக்குறைய இருபக்கமும் ஒத்திருப்பதால்.

இதை அணைக்கும் தாழ்ப்பாள் வளையத்தில் ஒட்டியிருக்கும் ஒரு மெத்தில் கார்பன். அதில் ஹைட்ராக்சில் ஏறினால் மூலக்கூறு தானே சுருண்டு மூடிக்கொண்டு வலுவிழக்கிறது. கனடாவின் சஸ்கட்டூன் நகர ஆய்வாளர்கள் அந்த இடத்தில் வேறு கார்பன் தொகுதியை வைத்து, எளிதில் அணையாத அப்சிசிக் அமிலங்களைச் செய்தார்கள். ஜி.ஏ.3இல் பூஞ்சை செய்ததையே மனிதர்கள் இங்கே யோசித்துச் செய்தார்கள்.

அரை மணிச் சோதனையைப் பள்ளி ஆய்வகத்தில் செய்து பார்க்கலாம். தோல் நீக்கிய பார்லி கிடைத்தால் நல்லது. ஆனால் பட்டை தீட்டியது கூடாது. தீட்டினால் அலியூரோன் போய்விடும். பழுப்பரிசியும் உதவும், புழுங்கலாக இல்லாமல் இருந்தால். கரு இருக்கும் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, மறுபாதியைக் கிருமிநீக்கம் செய்து, மாவுச்சத்து கலந்த அகார் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்) தட்டில் வெட்டுப்பக்கம் கீழே படும்படி வையுங்கள். ஒரு தட்டின் அகாரில் மிகச் சிறிதளவு ஜிப்ரலிக் அமிலம், இன்னொன்றில் எதுவும் வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்து மணிகளை எடுத்துவிட்டு, நீர்த்த அயோடின் கரைசலை ஊற்றுங்கள். ஹார்மோன் இல்லாத தட்டு முழுவதும் கருநீலமாகும். மற்றதில் ஒவ்வொரு மணி இருந்த இடத்தைச் சுற்றியும், நீலத்துக்கு நடுவே, வெள்ளையாக ஒரு வட்டம் தெரியும்.